முதலில் குழாயைத் திறந்து பார்: ஒரு குரோம்பேட்டை நாட்குறிப்பு

2 ஜூன் 2024, ஞாயிறு

தென்காசியில் இருந்து வந்து இன்றோடு எட்டு நாள். எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் கணக்கு வேலை, தங்கைக்குக் கல்லூரி. இப்போதைக்குப் பம்மலில் பெரியம்மா மகன் வீட்டில் இருக்கிறோம். பொங்கல் கழித்து சித்தி மகளும் வேலைக்கு இங்கேதான் வரப்போகிறாள். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்வதை அவள் வரும்போதே தெரிந்துகொண்டு வரட்டும் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். அவளைப் போலப் புதிதாக வருகிற வேறு யாருக்கும் உதவினாலும் சந்தோஷம்.

இன்று மூன்று வீடு பார்த்தோம். கிளம்பும்போது மதினி ஒரு சோப்புத் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். "வீட்டுக்காரங்க ரூம், பால்கனின்னு காட்டிட்டே இருப்பாங்க. நீ முதல்ல குழாயத் திறந்து கை கழுவிப் பாரு" என்றார்.

மூன்றாவது வீடு அவ்வளவு அழகு. இரண்டு பக்கமும் ஜன்னல், காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனால் குளியலறைக் குழாயின் கழுத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சோப்பு எவ்வளவு தேய்த்தும் நுரைக்கவில்லை. பக்கெட்டின் உள்பக்கம் மஞ்சளாக ஒரு கறை. உப்பும் இரும்பும் கலந்த போர் தண்ணீர். வீட்டுக்காரர் "தண்ணிக்குப் பிரச்சினையே கிடையாது" என்றார். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்டோம். "ஏப்ரல் வந்தா லாரிதாம்மா. ஆளுக்கு இவ்வளவுன்னு பங்கு போட்டுக் கட்டுவாங்க" என்றார்.

வீட்டுக்காரரிடம் ஒரு முறை கேட்டால், தெருவில் இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். இஸ்திரிக்காரர், பால் போடுகிறவர், மளிகைக்கடை அக்கா. வீடு வாடகைக்குப் போவதில் இவர்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள்.

9 ஜூன், ஞாயிறு

வீடு கிடைத்தது. குரோம்பேட்டை, முதல் மாடி. போர் தண்ணீரோடு முனிசிபாலிட்டி குழாயும் உண்டு. அதை இங்கே பாலாற்றுத் தண்ணீர் என்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறதாம், சம்ப்பில் பிடித்து வைக்கிறார்கள்.

"ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம்" என்றார் புரோக்கர். நாங்கள் நடந்து பார்த்ததில் பன்னிரண்டு நிமிடம். பகலில் ஒரு முறை, இரவு எட்டரைக்கு ஒரு முறை நடந்தோம். இரவில் எந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லை, எந்த இடத்தில் நாய்கள் நிற்கின்றன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பெண்கள் தனியாக வந்து போகிற வீடென்றால் இதை விட்டுவிடவே கூடாது.

வெள்ளத்தைப் பற்றியும் கேட்டோம். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை வந்தது என்று. கீழ்வீட்டு ஆச்சி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அதனால்தான் வாடகை ஆயிரம் ரூபாய் கூட என்றாலும் முதல் மாடி.

அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்டார்கள். முன்பெல்லாம் சென்னையில் பத்து மாதம் என்பது வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த "வேறு மாதிரி" என்கிற இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சண்டை போடாமல், சட்டத்தைச் சொல்லிப் பேசினோம், நான்கு மாதத்துக்கு இறங்கினார்கள். அப்புறம், சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, கதவு, வாஷ்பேசின் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பம்மல் அண்ணனுக்கு முந்தைய வீட்டில் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயின்ட் செலவென்று பிடித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கும் சேர்த்து. எடுத்துக் காட்ட அண்ணனிடம் ஒரு படமும் இல்லை.

23 ஜூன், ஞாயிறு

பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு வாரம். முதல் நாள் சாம்பாரில் துவரம்பருப்பு ஆறு விசில் விட்டும் நறுக்கு நறுக்கென்றே நின்றது. பருப்பு பழசு என்று கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் அதே பருப்பை கேன் தண்ணீரில் வேகவைத்தேன், நான்கே விசிலில் மசிந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் பருப்பு மசியாது. சிற்றாற்றுத் தண்ணீரில் சமைத்தே வளர்ந்தவளுக்கு இது புதுப் பாடம்.

இப்போது வீட்டில் மூன்று தண்ணீர். குடிக்க, பருப்பு வேகவைக்க கேன். அரிசி கழுவ, சமைக்க, கடைசியாகத் தலைக்கு ஊற்ற பாலாற்றுத் தண்ணீர். மற்றதற்கெல்லாம் போர். இரண்டு பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று நாள் தாராளமாக வருகிறது. கேன் வாங்கும்போது மூடியின் சீல் பிரியாமல் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறேன். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்குவதில்லை. எப்போதும் ஒரு கேன் கூடுதலாக இருக்கட்டும். கேன் போடும் தம்பிக்கும் காய்ச்சல் வரும், அவர் வண்டியும் பஞ்சராகும்.

12 ஜூலை, வெள்ளி

ஊரில் இப்போது சாரல். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுவதை அம்மா வீடியோவில் காட்டினாள். இங்கே காலை ஏழு மணிக்கே வியர்க்கிறது.

இன்று விடுப்பு எடுத்துப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். பழைய டிரங்க் ரோடு முழுக்கக் கடை. செடியில் இருந்து செருப்பு வரை, கடப்பாரையில் இருந்து கட்டில் வரை, புதிதும் பழையதும் கலந்து. ஒரு மர ஸ்டூல், ஓர் இரும்புத் தோசைக்கல், இரண்டு செம்பருத்திச் செடி வாங்கினோம். மரம், இரும்பு, பீங்கான் போன்றவற்றைக் கண்ணால் பார்த்து வாங்கிவிடலாம். மின்சாரத்தில் ஓடுகிற எதையும் ஓட்டிக் காட்டாமல் வாங்காதே. பையை முன்பக்கம் மாட்டிக்கொள், சில்லறை கொண்டு போ, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடு.

5 ஆகஸ்ட், திங்கள்

தாம்பரம் யார்டில் வேலை நடப்பதால் காலையில் நான் போகிற நேரத்து மின்சார ரயில் இல்லை. கடற்கரையில் இருந்து வருகிற ரயில் பல்லாவரத்தோடு நின்றுவிடுகிறது. நிறையப் பேர் ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் தெரிந்து அலைந்தார்கள். நான் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தேன். ரயிலில் கால் மணி நேரத்தில் போகிற கிண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் வழி தெரிந்திருந்ததால் பதற்றம் இல்லை. வேலைக்குப் போகிற இடத்துக்கு எப்போதும் இரண்டு வழி தெரிந்திருக்க வேண்டும், அந்த இரண்டாவது வழியில் சும்மா இருக்கிற ஒரு நாளில் ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும்.

மாநகரப் பஸ்ஸில் சாதாரணக் கட்டணப் பஸ் பெண்களுக்கு இலவசம். முன்னும் பின்னும் பிங்க் அடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். கண்டக்டரிடம் அதற்கான சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள். ரயிலுக்கு மாத சீசன் எடுத்துவிட்டால் தினமும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

கரண்ட் பில் வந்தது. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் 80 யூனிட்டுக்குத்தான் பணம்.

என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா இதைக் கேட்டு வருத்தப்பட்டார். அவர் வீட்டில் சப் மீட்டர். நான்கு குடும்பத்துக்கும் ஒரே இணைப்பு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டில் இருந்தே வாங்குகிறார். இலவச 100 யூனிட் ஒரு இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை பாதி விலைதான், 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். நான்கு குடும்பம் சேர்ந்தால் 500 எப்போதோ தாண்டிவிடும். அதனால் வீடு பார்க்கும்போது "மீட்டர் தனியா?" என்று கேட்காதே. எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ஈ.பி. சர்வீஸ் தனியா? கார்டைக் காட்டுங்கள்" என்று கேள்.

ஏ.சி. வைத்திருப்பவர்கள் ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறித்து வைக்கலாம். 500-க்குள் நிற்க நாளுக்கு எட்டு யூனிட்தான் கணக்கு.

24 செப்டம்பர், செவ்வாய்

தெருவில் சாக்கடை வழிந்தது. சென்னை மாநகராட்சியின் 1913-க்கு அடித்தேன், "உங்கள் பகுதி எங்களுடையது இல்லை" என்றார்கள். முகவரியில் சென்னை 44 என்றுதான் எழுதுகிறோம், ஆனால் குரோம்பேட்டை 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் வருகிறது. மாவட்டம் செங்கல்பட்டு. குடிவந்த வாரமே எந்த மாநகராட்சி, எந்த வார்டு, எந்தக் காவல் நிலையம், எந்த ஈ.பி. ஆபீஸ் என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடு. கரண்ட் புகாருக்கு மட்டும் மாநிலம் முழுக்க ஒரே எண், மின்னகம் 94987 94987.

15 அக்டோபர், செவ்வாய்

காலையில் இருந்து விடாத மழை. நாளைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரியில் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியிருக்கும் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியலாம். 2015-லும் 2023-லும் வண்டியைத் தண்ணீரில் விட்டவர்கள் அவர்கள்.

நாங்கள் செய்தது: கேன் மூன்று, பால் பவுடர், ரொட்டி, சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல். கரண்ட் இருக்கும்போதே மேல் தொட்டி நிரப்பி, குடத்திலும் பக்கெட்டிலும் பிடித்து வைத்தாயிற்று, மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் கிடையாது. பவர் பேங்க் நிறைந்திருக்கிறது. கையில் ரொக்கம் இரண்டாயிரம், நெட் இல்லையென்றால் செல்போனில் பணம் போகாது. சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில். கீழ்வீட்டு ஆச்சியின் மிக்ஸி, அரிசி டிரம், மாத்திரை டப்பா எல்லாம் எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டன. "நீங்களும் மேல வந்துருங்க ஆச்சி" என்றதற்கு, "தண்ணி வாசப்படி ஏறட்டும், அப்ப வாரேன்" என்கிறார்.

17 அக்டோபர், வியாழன்

பயந்த அளவுக்கு மழை இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே போய்விட்டது. வாங்கியதெல்லாம் வீண் என்றாள் தங்கை. டிசம்பர் முடியும்வரை எதையும் எடுக்காதே என்று சொல்லிவிட்டேன்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல். நேற்று விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் பதினாறு மணி நேரம் கரண்ட் இல்லை. பிடித்து வைத்த தண்ணீரில்தான் இரண்டு வீடும் ஓடியது. ஆச்சி எங்களோடு தூங்கினார். புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது.

18 ஜனவரி 2025, சனி

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியாயிற்று. சித்தி மகளுக்கு அடுத்த வாரம் பொதிகையில் டிக்கெட் கிடைத்துவிட்டது.

ஏட்டி, எழும்பூர் வரை போகாதே, தாம்பரத்திலேயே இறங்கு. விடியும் முன்பே வந்துவிடும், அலாரம் வைத்துக்கொண்டு படு. வெளியே ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லாதே, பிளாட்பாரத்திலேயே நில், நான் வந்து நிற்பேன். அங்கிருந்து நம் வீட்டுக்கு மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். அரிசி, பருப்பு எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. அம்மாவிடம் சொல்லி ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் மட்டும் கொண்டு வா, ஆச்சிக்கும் சேர்த்து.