செப்டம்பர் வரை சும்மா இருக்கும் கிழங்கு

முதல் வருஷம் அக்டோபர் தொடக்கத்திலேயே ஒரு செடியைத் தோண்டிப் பார்த்துவிட்டேன். முழங்கால் உயரத்துக்குப் புதராகத் தழைத்திருந்ததால் கீழேயும் கிழங்கு குவிந்திருக்கும் என்று ஒரு கணக்கு. மண்ணுக்குள் நூல் நூலாக வெள்ளைத் தண்டுகள், அவற்றின் நுனியில் பட்டாணி அளவில் இரண்டு மூன்று வீக்கம், அவ்வளவுதான். எரிச்சலில் மிச்சச் செடிகளையும் பிடுங்கிவிட்டேன். முட்டாள்தனம்.

செடியின் பெயர் ஓகா. பெரு, பொலிவியா மலைகளில் உருளைக்கிழங்குக்கு அடுத்தபடியாக விளையும் கிழங்கு இதுதான். இலையைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே பிடிபடும்: இதய வடிவில் மும்மூன்றாக, கிள்ளி வாயில் போட்டால் புளிக்கும். புளியாரைக்கு நெருங்கிய சொந்தம். இங்கிலாந்தில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் தோட்டத்துண்டுக்குப் பக்கத்துப் பாத்திக்காரர் புளியாரைக் களையோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நிற்பவர், நான் இதைத் தொட்டியிலிருந்து எடுத்து நட்ட அன்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சரி, ஏன் கிழங்கு வைக்கவில்லை? இந்தச் செடி பகல் நேரத்தைப் பார்த்து நடக்கிறது. பெருவில் இது விளையும் குஸ்கோ பக்கம் வருஷம் முழுக்கப் பகல் 11 மணி நேரத்துக்கும் 13 மணி நேரத்துக்கும் நடுவிலேயே இருக்கும். இங்கே ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம், அந்த வெளிச்சம் இருக்கும்வரை செடி இலையைத்தான் வளர்க்கும். பகல் 12 மணி நேரத்துக்கு இறங்குவது செப்டம்பர் கடைசியில். அதற்குப் பிறகுதான் தண்டின் நுனி பருக்கத் தொடங்கும், அதற்குள் உறைபனி கதவைத் தட்டிவிடும். ஐந்து மாதம் வளர்த்த செடிக்குக் கிழங்கு வைக்கக் கிடைப்பது ஐந்தாறு வாரம்தான். 1830களிலேயே ஐரோப்பாவுக்கு வந்த பயிர் இன்னமும் ஓரங்கட்டப்பட்டுக் கிடப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. உருளைக்கிழங்குக்கும் தொடக்கத்தில் இதே வியாதி இருந்தது, நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கிற ரகங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். ஓகாவில் அது லேசில்லை, புது ரகத்துக்கு விதை வேண்டுமே. பூவில் மூன்று விதம், ஒரே விதப் பூ உள்ள செடிகளை மட்டும் வைத்திருந்தால் விதை பிடிப்பது அபூர்வம், பிடித்தாலும் காய் முற்றியதும் புளியாரைக் காய் மாதிரியே வெடித்துச் சிதறிவிடும்.

நியூசிலாந்தில் மட்டும் 1860களில் போய் இறங்கி, கடைச் சரக்காகவே ஆகிவிட்டது. அங்கே இதற்கு ‘யாம்’ என்று பெயர். சேனைக்கும் வள்ளிக்கும் சொல்லுகிற பெயரை இதற்கு யார் தூக்கி வைத்தார்களோ.

இரண்டாவது வருஷம் அவசரப்படவில்லை. ஏப்ரலில் வீட்டுக்குள் தொட்டியில் முளைக்கவைத்து, மே கடைசியில் வெளியே நட்டேன். அக்டோபரில் குளிர் ஏறும் இரவுகளில் மெல்லிய ஃப்ளீஸ் துணியைப் போர்த்தினேன், அப்படியும் நவம்பர் நடுவில் ஒரே ராத்திரியில் இலையெல்லாம் கருகி வதங்கிவிட்டது. கை பரபரத்தாலும் மண்வெட்டியைத் தொடவில்லை. இலை போனாலும் தண்டில் மிச்சமிருக்கும் சத்து கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். மூன்று வாரம் கழித்துத் தோண்டினால், இளஞ்சிவப்பில் மினுமினுவென்று, இஞ்சித் துண்டுக்குச் சுருக்கம் விழுந்த மாதிரி, ஆறு செடிக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே!

பச்சையாகக் கடித்தால் மொறுமொறுவென்று எலுமிச்சைப் புளிப்பு. பெரு, பொலிவியாவின் ஆண்டீஸ் மலைகளில் சில நாள் வெயிலில் காயவைப்பார்கள், புளிப்பு இறங்கி இனிப்பு ஏறும். டிசம்பர் இங்கிலாந்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஜன்னலோரம் பரப்பிவைத்துப் பார்த்தேன், சுமார்தான். அப்புறம் தோலோடு நறுக்கி, சிறுகிழங்கு வதக்குவது மாதிரி மிளகாய்த்தூள் போட்டு வதக்கினேன். ஆக்சலிக் அமிலம் இருப்பதால் சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் பார்த்துச் சாப்பிடுங்கள். பெரிதாக இருந்ததில் பன்னிரண்டை மட்டும் விதைக்கென்று காகிதப் பையில் கட்டி, வீட்டில் யாரும் சட்டியில் போட்டுவிடாதபடி பரணில் வைத்திருக்கிறேன்.