பத்தொன்பது நாளுக்கு ஒரு மாதக் கட்டணம்

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீர் பில்லில் மே 4 முதல் மே 22 வரை என்று அச்சிட்டிருந்தது. அது 19 நாள்தான்; ஆனால் மாதக் குறைந்தபட்சக் கட்டணம் முழுதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. முன்னாள் கிராணியான (தோட்ட எழுத்தரான) அப்பா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணி, "மாதத்தை 30 நாளாக வைத்தாலும், பத்து வெள்ளி மாதக் கட்டணம் என்றால் 19 நாளுக்கு 6 வெள்ளி 33 காசுதானே?" என்றார்.

தண்ணீர் நிறுவனத்தின் முகப்பில் இருந்தவர், மீட்டர் படிப்பவரின் வட்டாரம் மாறியதால் இம்முறை முன்னதாகவே படித்துவிட்டதாக விளக்கினார். அது அவர்கள் வசதி. அதற்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

குறுகிய பில் எப்போதும் நட்டமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூன் வரை வீட்டு மின்கட்டணம் முதல் 200 யூனிட்டுக்குத் தலா 21.80 காசு, அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 33.40 காசு என்று படிப்படியாக ஏறியது. அத்தகைய படிநிலையை நாள்கணக்கில் சுருக்காமல் விட்டால் குறுகிய பில்லில் நமக்கு இலாபம், நீண்ட பில்லில் நட்டம். மாதக் குறைந்தபட்சக் கட்டணம் போன்ற நிலைக்கட்டணத்தில் மட்டும் குறுகிய பில் நேரடியாகக் கையைக் கடிக்கும்.

ஆகவே இந்த பில், முந்தைய பில் இரண்டின் நகலையும், மீட்டர் எண் தெளிவாகத் தெரியும் படத்தையும் இணைத்து, கணக்கை விளக்கும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். பதில் திருப்தி தராவிட்டால் தேசிய நீர்ச்சேவை ஆணையமான ஸ்பானிடம் செல்வேன். சர்ச்சைக்கு இடமில்லாத தொகையை மட்டும் கட்டிவிட்டேன். அந்த ரசீதை அப்பா பழைய பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.