கடலில் விழுந்த போனை நல்ல தண்ணீரில் அலசினோம்

கடல் தண்ணீரில் விழுந்த போனை வெளியே எடுத்ததும் முதல் வேலை, அதை நல்ல தண்ணீரில் அலசுவது. சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. போன ஆடி அமாவாசை அன்று இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் என் மாமாவும் நம்பவில்லை. "ஏற்கெனவே நனைஞ்சு கெடக்கு. அதுல இன்னும் தண்ணிய ஊத்துறியே மாப்ள!" என்று பதறிப்போய் என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்க வந்தார்.

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. மாமாவுக்கு மதுரையில் சமையல் காண்ட்ராக்ட் தொழில். ஆடியில் கல்யாணம் இல்லாததால்தான் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வர முடிந்தது. அடுத்து வரும் ஆவணி முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம், எத்தனை இலை, காலை டிபனுக்கு என்ன, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தப் போனில்தான் இருந்தது. பாதி வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், மீதி துண்டுச் சீட்டுகளின் போட்டோ. வேறு எங்கும் பேக்கப் கிடையாது. வேட்டி மடிப்பில் செருகி வைத்திருந்தது, முங்கி எழுந்தபோது நழுவிவிட்டது. அக்னி தீர்த்தத்தில் அலை பெரிதாக இருக்காது, இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் அன்றைக்கு இருந்த கூட்டத்தில் காலால் துழாவித்தான் எடுக்க முடிந்தது.

எடுத்தபோது திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. யாரும் தொடாமலே ஏதேதோ ஆப் தானாகத் திறந்து மூடியது. மாமா அதற்குள் அத்தையின் நம்பருக்குப் போட்டுப் பார்க்கப் போனார், வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள. வாங்கி உடனே ஆஃப் செய்தேன். கவரைக் கழற்றி, சிம் ட்ரேயை உருவி, சார்ஜ் போடும் துளை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன்.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உப்புத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் செப்பு என்ன ஆகும் என்பதை மாணவர்களுக்குச் செய்து காட்டுவதே என் வேலையில் ஒரு பகுதி. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அதில் கரைந்திருக்கும் உப்புதான் பாய வைக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. போன் பேட்டரியோ ஏறக்குறைய 4 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். போனுக்குள் சிப்புகள் ஒட்டியிருக்கும் சர்க்யூட் போர்டில் மயிரிழை இடைவெளியில் இருக்கிற இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் நின்றால், பாசிட்டிவ் பக்கத்துச் செப்பு கரைந்து நெகட்டிவ் பக்கம் நகர்ந்து நூல் மாதிரி படியும். அந்த நூல் இரண்டு பக்கத்தையும் தொட்டால் ஷார்ட். இதற்கு நாள் கணக்கில் நேரம் தேவையில்லை. கரண்ட் இருக்கும்போது நிமிடங்களிலேயே ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. போனை ஆஃப் செய்வதால் கரண்ட் முழுதாக நின்றுவிடாது. பழைய போன்களில் பின்பக்கத்தைக் கழற்றி பேட்டரியைக் கையில் எடுத்துவிடலாம். இப்போதைய போன்களில் பேட்டரி உள்ளே ஒட்டியிருக்கிறது. ஆஃப் ஆன பிறகும் அதிலிருந்து பவர் ஐசிக்கு, அதாவது போனுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்புக்கு, போகும் லைனில் வோல்ட்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் உப்பை அலசி வெளியேற்றியதும் அடுத்த வேலை, எப்படியாவது பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது.

கரையிலேயே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அரிசி மூட்டைக்குள் போடு என்றார்கள். வெயிலில் வை என்றார்கள். லாட்ஜில் ஹேர் டிரையர் வாங்கித் தருகிறேன் என்று ஒரு அம்மா அன்போடு சொன்னார். அரிசியால் பயனில்லை. போனுக்குள் உலோக மூடிக்கு அடியில் நிற்கிற தண்ணீரை வெளியே கிடக்கும் அரிசி எப்படி இழுக்கும்? அரிசித் தூசும் குருணையும் சார்ஜ் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் போனை அரிசிப் பைக்குள் வைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. ஹேர் டிரையர் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும், திரையின் பசையை இளக்கும். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், கடல் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடுவது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரமே போதும், அந்த உப்பு மறுபடி கசியும். காய வைத்து இரண்டு வாரம் நன்றாக ஓடிய போன் திடீரென்று செத்துப்போவது இதனால்தான்.

கோயில் தெருவைத் தாண்டி ஒரு சின்ன மொபைல் கடை திறந்திருந்தது. கடைக்காரத் தம்பிக்கு அன்று ரீசார்ஜும் பவர் பேங்கும் விற்கவே நேரம் போதவில்லை. "கடல்ல விழுந்ததா? அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே" என்றார். சரி பண்ண வேண்டாம், திறந்து பேட்டரியை மட்டும் பிடுங்கிக் கொடுங்கள், என்ன ஆனாலும் பொறுப்பு எங்களுடையது என்று சொன்ன பிறகு சம்மதித்தார். பின்பக்க மூடியை லேசாகச் சூடு காட்டிக் கிளப்பியதும் உள்ளேயிருந்து தண்ணீர் மேசையில் ஒழுகியது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கனெக்டரைப் பிடுங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தம்பி நல்லவர். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் போர்டையே கழற்றித் தந்தார். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை ஒரு பேட்டரி கடையில் வாங்கி வந்து, டப்பாவில் ஊற்றி, போர்டை அதில் மெதுவாக ஆட்டி ஆட்டி அலசினோம். தண்ணீரை மாற்றி மறுபடியும் அலசினோம். கடைசியில் கடையில் இருந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஊற்றினோம். செல்போன் கடைக்காரர்கள் இதை ஐபிஏ என்பார்கள். இது தண்ணீரோடு கலந்து அதை இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும். மெடிக்கலில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் இதற்கு ஆகாது, அதில் தண்ணீரும் வேறு சரக்கும் கலந்திருக்கும். போர்டை மட்டும்தான் இப்படிச் செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையையும் கேமராவையும் ஆல்கஹாலில் போட்டால் பசையும் பூச்சும் கெட்டுவிடும். அவற்றைத் துடைத்துத் தனியாக வைத்தோம்.

சிம்மை அத்தையின் போனில் இரண்டாவது துளையில் போட்டோம். அழைப்பெல்லாம் வரத் தொடங்கியது. மாமா உடனே வாட்ஸ்அப்பையும் அதில் தன் நம்பருக்கு மாற்றச் சொன்னார். வேண்டாம் என்றேன். வேறு போனில் அந்த நம்பரைப் பதிவு செய்தால் பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். நாளைக்கு அது உயிர் பெற்றாலும் திறந்ததும் மெசேஜைப் பார்க்க முடியாது, திரும்ப ஓடிபி போட்டு உள்ளே போகவேண்டி வரும். ஒரு சில நிமிடம்தான் ஓடப்போகிற போனில் அந்த வேலை எதற்கு? ஜிபே மாதிரியான ஆப்புகளும் எந்தப் போன் என்பதைப் பார்த்துத்தான் வேலை செய்யும், புது போனில் அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய்ப் பதிவாக வேண்டும். அதனால் பேசுவதற்கு மட்டும் அத்தை போன், பணம் வாங்குவதை இரண்டு நாள் ரொக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

மதுரைக்கு வந்ததும் முதலில் போன கடையில் போர்டைப் பார்த்துவிட்டு "போர்டு போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள் என்று நினைக்கிறேன். போர்டை மாற்றினால் போன் ஓடும், உள்ளே இருந்தது ஒன்றும் இருக்காது. மெமரி சிப் போர்டில்தான் ஒட்டியிருக்கிறது. அந்தச் சிப்பை மட்டும் பிய்த்து வேறு போர்டில் வைத்துப் படிக்கலாமே என்றால், அதுவும் இப்போது நடக்காது. ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிவந்த போன்களில் தகவல் முழுதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கிற சாவி அந்தப் போர்டில் இருக்கும் பிராசஸரோடு கட்டப்பட்டது. ஆக, அந்தப் பிராசஸரும் அந்த மெமரியும் சேர்ந்து ஒரு தடவையாவது உயிரோடு எழுந்தால்தான் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் "எனக்குப் போன் வேண்டாம், டேட்டா வேண்டும்" என்று சொல்லிவிடுவது நல்லது. சர்வீஸ் சென்டர்களிலும் பொதுவாகப் போர்டை மாற்றுவதுதான் வழக்கம். தண்ணீர் போனதென்றால் வாரண்டியும் கிடையாது. சிம் ட்ரே துளைக்குள்ளும் போர்டிலும் இருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும், அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

போர்டை மாற்றாமல் அதிலேயே பழுது பார்க்கிற, போர்டு லெவல் வேலை செய்கிற ஒருவரை, என் பழைய மாணவன் ஒருவன் மூலம் பிடித்தோம். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போர்டை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உடனே யார் அலசினது?" நான்தான் என்றேன். "அதனாலதான் செப்பு அரிச்சு போர்டு முழுக்கப் பச்சை அடிக்கல" என்றார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஐசிகளை மூடியிருக்கும் தகரத் தடுப்புகளைச் சூடு காட்டித் தூக்கினார். அடியில் ஓரமாக வெள்ளைப் படிவம் தெரிந்தது, சார்ஜிங் பகுதியில் கொஞ்சம் பச்சை. அல்ட்ராசோனிக் கிளீனரில் போட்டார். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி உடைந்து இடுக்கில் இருக்கும் அழுக்கைத் தட்டி எடுக்கும் கருவி அது. காய்ந்ததும் மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரி மின்சாரம் வரும் மெயின் லைன், போர்டின் கிரவுண்டோடு (நெகட்டிவ் பக்கத்தோடு) ஷார்ட். பவர் சப்ளையிலிருந்து குறைந்த வோல்ட்டேஜை அந்த லைனில் செலுத்தி, போர்டின் மேல் ரோசின் (சால்டரிங்குக்குப் பயன்படும் பிசின்) புகையைப் படிய விட்டார். வெள்ளையாகப் படிந்த ரோசின் ஓர் இடத்தில் மட்டும் உருகித் தெளிந்தது. ஷார்ட் ஆன இடம்தான் சூடாகும். அங்கே கடுகளவுகூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உதிரி. அதை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. அந்த லைனில் அதுபோல இன்னும் பல இருப்பதால் அது இல்லாமலே ஓடும் என்றார். எத்தனை வருடம் இதையே சொல்லிக்கொடுத்தாலும், ஒரு கைதேர்ந்த ஆள் செய்வதை நேரில் பார்ப்பது தனி சந்தோஷம்.

பழைய பேட்டரியைத் திரும்ப மாட்ட அவர் ஒப்பவில்லை. உப்புத் தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி உப்பலாம், தீப்பிடிக்கலாம். புது பேட்டரி, புது சார்ஜிங் போர்டு, கடையில் டெஸ்டுக்கு வைத்திருந்த ஒரு திரை. மூன்றையும் இணைத்து பவர் பட்டனை அழுத்தினார். மீட்டரில் ஆம்பியர் ஏறி இறங்கி ஆடியது. பூட் ஆகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், ஒரே அளவில் முட்டிக்கொண்டு நின்றால் ஆகாது என்று விளக்கினார். லோகோ வந்தது. பேட்டர்ன் கேட்டது. மாமாவின் விரல் நடுங்கியதால் முதல் தடவை தப்பாகப் போட்டார்.

திறந்ததும் வேறு எதையும் பார்க்க விடவில்லை. போனின் சார்ஜ் துளையிலேயே மாட்டுகிற ஓடிஜி பென் டிரைவை மாட்டி, முதலில் வாட்ஸ்அப் ஃபோல்டர், அடுத்து போட்டோ, அடுத்து கால் ரெக்கார்டிங், கடைசியாகக் காண்டாக்ட் என்று வரிசையாக நகலெடுத்தோம். எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாத போனில் முக்கியமானதை முதலில் எடுக்க வேண்டும், பாட்டும் வீடியோவும் அப்புறம். அப்படியே வாட்ஸ்அப்பில் கூகுள் பேக்கப்பையும் போட்டுவிட்டோம். அதன் பிறகுதான் நம்பரைப் புது போனுக்கு மாற்றினோம்.

அந்தப் போனையே இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று மாமா கேட்டார். ஐசிக்கு அடியில் உப்பு இருக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, இதை நம்பித் தொழில் செய்யாதீர்கள் என்றார் போர்டைப் பழுது பார்த்தவர். தூசையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்பதை ஐபி எண் சொல்லும். மாமாவுடையது ஐபி54 போன். தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். புதிதாக வாங்கும்போது, தண்ணீரில் மூழ்குவதையும் தாங்கும் ஐபி68 வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கடைக்காரர் நீச்சல் குளத்தில்கூட எடுக்கலாம் என்றதும் நான் குறுக்கே பேச வேண்டியதாயிற்று. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. குளத்தில் குளோரின் உண்டு, கடலில் உப்பு உண்டு. போன் ஒரு தடவை கீழே விழுந்தாலோ, பழசானாலோ ரப்பரும் பசையும் தளர்ந்துவிடும்.

மழையிலோ வாளித் தண்ணீரிலோ நனைந்ததென்றால் இவ்வளவு ஓட்டம் தேவைப்படாமல் போகலாம். ஆஃப் செய்து, சிம் ட்ரேயை எடுத்து, துளை கீழே பார்க்கத் தட்டிவிட்டு, ஃபேன் காற்றில் ஒரு நாளாவது வைத்து, அதுவரை சார்ஜர் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் பல போன்கள் பிழைத்துக்கொள்ளும். சாக்கடை, சாம்பார், இளநீர், கடல் என்றால் அலச வேண்டும், திறக்க வேண்டும், பேட்டரியைப் பிடுங்க வேண்டும். மாமா இப்போது ஒவ்வொரு அட்வான்ஸையும் நோட்டிலும் எழுதுகிறார், வாட்ஸ்அப்பில் அத்தைக்கும் அனுப்பிவிடுகிறார்.