வலையில்லாத ரெனிஸ்: வன்னியில் இரட்டைத் தட்டு ஆடத் தரை போடுவது

ரெனிஸில் ஒரு பந்து, நடுவில் வலை. டபிள் டிஸ்க் கோர்ட்டில் வலையே இல்லை. 13 மீற்றர்ச் சதுரம் இரண்டு, அவற்றுக்கு நடுவே 17 மீற்றர் வெறுந்தரை, ஒரே நேரத்தில் பறக்கும் இரண்டு தட்டுகள் (பிரிஸ்பி எனப்படும் எறிதட்டுகள்). அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் ஜிம் பல்மெரி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆட்டம் இது. பக்கத்துக்கு இரண்டு பேர் போதும் என்பதால், பின்னேரம் பதினொரு பேர் சேராத ஊர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

பள்ளிக்கூட மைதானம்தான் முதல் தெரிவு. காலபோகம் அறுத்த வயலும் சரிவரும். ஆனால் 43 மீற்றர் நீளம் வரம்பு குறுக்கிடாமல் ஒரே வயலுக்குள் கிடைக்க வேண்டும், அறுவடை மெசினின் சில்லுத் தடத்தை மண்வெட்டியால் நிரவ வேண்டும். மேலே பார்த்தபடி ஓடும் ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்குவது அந்தத் தடத்தில்தான். பற்றைக்காட்டு ஓரம் வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் தட்டு போனால் அது போனதுதான், எடுக்க ஒருவரும் இறங்கக்கூடாது.

எட்டு முளை, 104 மீற்றர் நைலோன் கயிறு. கிளித்தட்டுக் கோடு கண்ணளவில் கீறினாலும் ஆடலாம், இங்கே அது சரிவராது, ஏனென்றால் புள்ளியெல்லாம் கோட்டோரத்தில்தான் போகிறது. சதுரத்தின் மூலைக்கு மூலை 18 மீற்றர் 38 சென்ரிமீற்றர் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு சதுரமும் நேரே நிற்கின்றனவா என்றறிய, முழுத் தரையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். இரண்டும் 44 மீற்றர் 92 சென்ரிமீற்றர் வரவேண்டும்.

சோளகம் வீசும் மாதங்களில் தரையைக் காற்றுக்குக் குறுக்கே போடுங்கள். காற்றோட்டத்தில் நீளமாகப் போட்டால் ஒரு பக்கத்தார் காற்றோடும் மற்றப் பக்கத்தார் காற்றுக்கு எதிராகவும் எறிய நேரும். எதிர்க்காற்றில் தட்டு எழும்பி மிதக்கும், பின்காற்றில் சட்டென்று தாழும். குறுக்குக் காற்றின் பலம் இருவருக்கும் ஒன்றே, ஆனால் எதிரெதிரே நிற்பதால் ஒரு பக்கத்தாருக்கு அது வலமிருந்தும் மற்றப் பக்கத்தாருக்கு இடமிருந்தும் வரும். வலக்கைக்காரரின் வழமையான வீச்சில், வேகம் குறையும்போது தட்டின் இடப்பக்கம் சரியும். வலமிருந்து காற்று வந்தால் அடிப்பக்கத்தில் பிடித்து வெளியே தள்ளிவிடும், இடமிருந்து வந்தால் மேலே அறைந்து கீழே போட்டுவிடும். ஆகவே வலமிருந்து காற்று வாங்குபவர் வலக்கோட்டைக் குறிவைக்க வேண்டும், இடமிருந்து வாங்குபவர் கொஞ்சம் கூடுதல் உயரம் கொடுக்க வேண்டும்.

தட்டு 110 கிராம் அளவில் இருப்பது நல்லது. அல்ரிமேற்று என்ற இன்னொரு தட்டு ஆட்டத்துக்கான 175 கிராம் தட்டு கைக்குப் பாரம். கடையில் தொங்கும் மெல்லிய விளையாட்டுத் தட்டு சோளகத்தில் நிற்காது.

அணிக்கு ஒரு தட்டு. ஒருவர் “இரண்டு, ஒன்று, எறி” என்றதும் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். எறிந்த தட்டு எதிராளி சதுரத்துக்குள் விழுந்து, வெளியே தொடாமல் அங்கேயே ஓய்ந்தால் ஒரு புள்ளி. வெளியே எறிந்தால் அந்தப் புள்ளி எதிராளிக்கு. 30 பாகைக்கு மேல் செங்குத்தாக வந்து விழுவதும் வெளியேதான். ஒரே அணியின் கைகள் ஒரே கணத்தில் இரண்டு தட்டையும் தொட்டுவிட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி.

ஆட்டத்தின் உயிர் அந்த இரண்டு புள்ளியில் இருக்கிறது. உங்கள் தட்டை உயரமாக, மெதுவாக மிதக்க விடுங்கள். அது வானில் நிற்கும்போதே எதிராளி தன் தட்டைக் கைவிட்டாக வேண்டும். வந்ததைப் பிடித்த வேகத்தில் தாழ்வாகத் திருப்பி எறிந்தால் இரண்டும் ஒன்றாய்ப் போய்ச் சேரும். புதியவர்கள் இதை அவசரத்தில் கெடுக்கிறார்கள்: முதல் தட்டுக்குப் போதிய உயரம் கொடுப்பதில்லை, இரண்டாவது போகமுன் முதலாவது இறங்கிவிடும்.

தடுக்கும் பக்கத்தார் மிதந்து வருவதைப் பிடிக்கவே கூடாது. விரல் நுனியால் நடுவில் தட்டி மேலே அனுப்பிவிட்டு, கூட்டாளி மற்றதை எறிந்து முடித்த பிறகே பிடிக்க வேண்டும். விளிம்புப் பக்கம் தட்டினால் சரிந்து ஓடிவிடும். “விடு” என்று உரக்கச் சொல்லவும் பழகுங்கள். வெளியே போகும் தட்டைத் தொட்டு, பிடிக்கத் தவறிப் புள்ளியைக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

முதல் கிழமைகளில் இடைவெளியை 10 மீற்றராக வைத்து ஆடுங்கள். நடுவிலிருந்து நடுவுக்கு 30 மீற்றர் நேராக எறிய வந்ததும் கயிற்றை அவிழ்த்து 17க்கு மாற்றலாம்.