சுவிஸ் மலைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு: மூன்றாம் நிலை எச்சரிக்கை

மாங்குளத்தில் இருந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையின் பனிச்சரிவைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. வன்னியிலிருந்து போய்ச் சுவிசில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், என் பெறாமகனைப் போல, கண்காணிப்புள்ள ஸ்கீ பாதைகளை விட்டு, ஆளரவமற்ற சரிவுகளில் தாங்களாகவே ஏறத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கே போகிறாய், அங்கே பனி எப்படி இருக்கிறது என்று விவரம் அறிந்து கேட்க அவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஆளில்லை.

டாவோசிலுள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், குளிர்காலத்தில் நாள்தோறும் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. மாலை அறிக்கை வரும்போது இங்கே இரவு 9.30, அதைப் படித்துவிட்டுத்தான் நான் படுக்கப் போவேன். அபாயம் அதில் 1 முதல் 5 வரை குறிக்கப்படுகிறது. மூன்று என்றால் நடுத்தரம், சமாளித்துவிடலாம் என்று இளையவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் அபாயம் நிலைக்கு நிலை ஒரே அளவாகக் கூடுவதில்லை, பன்மடங்காகக் கூடுகிறது. நான்கிலும் ஐந்திலும் மலைக்குப் போவோர் குறைவு. மூன்றில் துணிந்து போகிறார்கள், பனிச்சரிவில் இறப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த நிலையிலேயே இறக்கிறார்கள். அவர்களைக் கொன்ற பனிச்சரிவு பெரும்பாலும் அவர்களோ உடன் போனவர்களோ கால் வைத்ததால் அவிழ்ந்ததே.

தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் வளர்கின்றன. பிறகு பெய்யும் பனி அவற்றை மூடிவிடுகிறது. காற்று அள்ளிவந்து மறைவுப் பக்கத்தில் கொட்டும் பனி அதன்மேல் இறுகிப் பாளமாகிறது. வாரக்கணக்கில் அடியில் கிடக்கும் அந்த நொய்ந்த படிக அடுக்கில் ஒருவரின் பாரத்தால் வெடிப்பு ஓடினால், 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் முழுப் பாளமும் கழன்றுவிடும். சரிவின் அடியிலுள்ள சமதரையில் நடந்தாலும் இது நேரலாம். காலடியில் அமுங்கும் மந்தமான ஓசை, பனியில் பாயும் கீறல், பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்து விழுந்த பனிக்குவியல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும்.

முன்னே போனவரின் சுவடு இருக்கிறதே என்பது ஆதாரமாகாது. மீள்குடியேறிய காலத்தில், மண்டையோட்டுப் பலகை நின்ற காணி எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் நாங்கள் உள்ளே இறங்கவில்லை. மிதிவெடி அகற்றி ஒப்படைத்த காணியிலாவது பிறகு பயிர் வைக்கலாம். பனியோ நேற்றுத் தாங்கிய இடத்தில் இன்றும் தாங்கும் என்பதற்கில்லை.

புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகக் குறைவதால், 1414 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஹெலிகொப்டரை வரவழைத்தாலும், தோண்டி எடுக்க வேண்டியவர்கள் உடன் போனவர்களே. ஆகவே தனியே போகாதீர்கள். செங்குத்தான இடத்தை ஒவ்வொருவராகக் கடவுங்கள்.

அறிக்கையில் மூன்று என்று வந்த நாளில், 30 பாகைக்குக் குறைந்ததும் மேலே செங்குத்துச் சரிவு தொங்காததுமான வழியைத் தெரிந்தெடுங்கள். சுவிஸ் அரசின் இணைய வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் தனி நிறங்களில் காட்டப்படுகின்றன. அதற்குக் கட்டணம் இல்லை, முதல்நாள் இரவே வீட்டிலிருந்து பார்த்துவிடலாம்.