துரோங்கில் மழைக்கு நேரம் உண்டு

மலேசியாவில், பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் தைப்பிங் போகும் ரயில் மலைக்குள் புகுகிறது. பிந்தாங் மலைத்தொடரைக் குடைந்து போட்ட பெராப்பிட் சுரங்கப்பாதை அது, 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். உள்ளே போகும்போது ஜன்னலில் சுள்ளென்று வெயில். வெளியே வந்தபோது கண்ணாடி முழுக்கத் தண்ணீர். தைப்பிங் ஸ்டேஷனில் யாரும் ஓடவில்லை. குடையை விரித்துக்கொண்டு நிதானமாக நடந்தார்கள். கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளானில் இவ்வளவு மழை கொட்டினால் ஊரே பதறும்.

நான் போனது தைப்பிங்குக்குத் தெற்கே இருக்கும் துரோங்குக்கு. ஒரு பக்கம் கடலோர அலையாத்திக் காடு, மறுபக்கம் மலை, நடுவில் ஒரு சின்னக் கடைத்தெரு, சுற்றிலும் தோட்டங்கள். பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்ற இடமெல்லாம் இப்போது பெரும்பாலும் பாமாயில் தரும் செம்பனை. பெரியம்மா இங்கேதான் இருக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உடம்பு ஓயும்வரை பால்மரம் வெட்டியவர், பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் வெட்டு என்பார்கள்.

இந்தப் பக்கத்து மழையைப் பற்றி ஒரு கணக்குச் சொன்னால் புரியும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. தைப்பிங்கில் ஏறத்தாழ 4,000. ஆனால் இதே கடற்கரையோரம் தெற்கே போனால் வரும் சித்தியவானில் அதில் பாதிகூட இல்லை. இவ்வளவு வித்தியாசம் எப்படி என்றால், மலைதான். மலாக்கா நீரிணையிலிருந்து பகலில் கிளம்பும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மாத்தாங் அலையாத்திக் காட்டைக் கடந்து உள்ளே வருகிறது. தைப்பிங்குக்குப் பின்னாலேயே 1,200 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் புக்கிட் லாருட் அதை மறிக்கிறது. மேலே ஏறும் காற்று குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. சித்தியவானுக்குப் பின்னால் அப்படி நெருங்கி நிற்கும் மலை கிடையாது. தைப்பிங்கில் இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுகிற பழக்கமே ஒரு காலத்தில் இருந்தது.

மத்தியானம் 32, 33 பாகை வெயில். மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும். மழை விட்டதும் 24 பாகைக்கு இறங்கிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கும் ஊரில் பெரியம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தே ஓ, பால் சேர்க்காத தேநீர், குடிக்கிறார். தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. மழை ஓயும்வரை காத்திருந்துதான் பேசினோம்.

“எவ்வளவு பெய்யுதுன்னு நாங்க பாக்க மாட்டோம்டா. எப்பப் பெய்யுது, அதுதான்” என்றார்.

சாயங்கால மழையால் பால்மரத்துக்குப் பெரிய தொல்லை இல்லை. விடிவதற்குள் பட்டை காய்ந்துவிடும். விடியற்காலை மழை வேறு. மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருப்பது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறி இலைகள் ஈரத்தை வெளியே விடத் தொடங்கினால் அழுத்தம் தளர்ந்து பாலும் குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குள் போனார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்டுக்கோட்டில் பால் நிற்காது. மரமெல்லாம் வழிந்து வேரடிக்குப் போகும். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சேர்வதும் பாதி மழைத்தண்ணீர். வேலையை மேற்பார்க்கும் கங்காணி மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வெட்டு இல்ல” என்பார். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை.

அந்த மழை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு. மே முதல் அக்டோபர் வரை, தென்மேற்குக் காற்றுக் காலத்தில், இரவில் நீரிணைக்கு மேலும் சுமத்ரா பக்கமும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகக் கூடுகின்றன. அந்த வரிசை கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடிவதற்கு முன் நம் மேற்குக் கரையில் அடிக்கிறது. வானிலைத் துறையினர் அதைச் ‘சுமத்ரா’ என்றே சொல்கிறார்கள். மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில்கூடக் காற்று வீசும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடும். ஆனால் அது பிடுங்கிக்கொள்வது சரியாகப் பால் வெட்டும் நேரத்தை.

“விடிகாலையில இடி கேட்டா, எந்திரிக்காமலே அன்னைக்குச் சம்பளம் போச்சுன்னு தெரிஞ்சுரும். புள்ளைங்க தூங்கும். நான் அரிசி டின்னப் போய்ப் பாப்பேன்.”

தோட்ட ஆபீஸ்களில் மழைமானி வைத்துக் காலைதோறும் அளவு குறிப்பது வழக்கம். அந்த ஏடுகளில் அங்குலக் கணக்கு இருக்கும். அந்த மழை எத்தனை மணிக்குப் பெய்தது, எத்தனை பேர் வெறுங்கையோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பினார்கள் என்பது இருக்காது. இந்தக் கரையின் பருவநிலையை எழுத வேண்டுமென்றால் பெரியம்மா மாதிரி ஆட்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

செம்பனைக்கு மழை வேண்டும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டராவது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோக கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-இல் தோட்டங்களில் விட்ட சின்ன வண்டு, அடைமழையில் சரியாகப் பறக்காது. குலை காய்ப்பிடிப்பில் அது தெரியும்.

மறுநாள் காலையிலேயே கோலா செப்பெத்தாங் போய்வந்தோம். மழைக்கு முன் பார்க்க வேண்டிய இடம் அது: கரிச்சூளைகள், சுமார் 40,000 ஹெக்டர் மாத்தாங் காட்டின் ஒரு ஓரம், பழைய போர்ட் வெல்ட் ஸ்டேஷனின் பெயர்ப்பலகை. 1885-இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. பலகையில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, சுற்றிப் பார்க்க வசதி. மழையைப் பார்க்க நான் சொல்வது செப்டம்பர், அக்டோபர். இரவு தங்குங்கள், தைப்பிங்கில் பகலில் இறங்கி ஏறினால் சாயங்கால மழையை மட்டும்தான் பார்ப்பீர்கள். புக்கிட் லாருட் சாலை மண்சரிவால் மூடப்படுவதுண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம்.