கேபின் ஜன்னலில் தெரிந்த பின்னந்தலைகள்

சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருப்பவருக்கு ஜனங்களின் முகம் தெரியாது. கேபின் ஹாலுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் திரையும், திரை வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பின்னந்தலைகளும்தான் தெரியும். விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பல வருடம் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பிறகு அதே தியேட்டரில் மேனேஜரானேன். இப்போது படம் விடும் நேரத்தில் வாசலில் நின்று முகங்களையும் பார்க்கிறேன். மனதைக் கலங்கடிக்கிற படம் ஓடும்போது ஜனங்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னந்தலையில் என்ன தெரியும் என்று கேட்கலாம். நிறையத் தெரியும். காமெடி வந்தால் தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் சாயும். பாட்டு வந்தால் பாதித் தலைகள் காணாமல் போய்விடும். பீடி, டீ, பாத்ரூம் எல்லாம் பாட்டு நேரத்தில்தான். மனதைப் பிசைகிற காட்சி வந்தால் ஒரு தலையும் அசையாது. இருமல்கூட நின்றுவிடும். அந்தக் காலத்தில் கேபினுக்குள் இரண்டு மெஷின், ஃபிலிம் ஓடுகிற கடகட சத்தம், கார்பன் எரிகிற சூடு. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். அதற்காகத் திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்போம். அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் ஹாலில் அமைதி விழுந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஒரு அமைதியை நான் முதலில் கவனித்தது 'சேது' ஓடியபோது. 1999 டிசம்பரில் வந்த படம். வாங்க ஆளில்லாமல் கிடந்து, வெளியான முதல் நாட்களில் கூட்டமே இல்லாமல் ஓடி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே நிமிர்ந்த படம் அது. எங்கள் ஊருக்குப் ஃபிலிம் பெட்டி வந்தபோது பேச்சு முந்திக்கொண்டு வந்திருந்தது. முதல் பாதியில் காலேஜ் ரவுடியாக விக்ரம் செய்யும் அலப்பறைக்கு முன் பெஞ்சில் ஒரே விசில். தலையில் அடிபட்டுப் புத்தி பேதலித்து, மனநோயாளிகளை வைத்திருக்கும் மடத்தில் அவன் சங்கிலியோடு கிடக்கும் காட்சி வந்ததும் விசில் அடித்த அதே வரிசை அடங்கிப்போனது. பொதுவாக கிளைமாக்ஸ் தொடங்கும்போதே பாதிப் பேர் எழுந்து கதவருகில் நிற்பார்கள். சைக்கிளை முதலில் எடுக்க வேண்டுமே. இந்தப் படத்துக்கு யாரும் எழவில்லை. புத்தி தெளிந்து ஓடிவந்தவன், தான் காதலித்த பெண் இறந்துகிடப்பதைப் பார்த்துவிட்டுத் தானாகவே மடத்துக்குத் திரும்பிப் போகிறான். திரை வெள்ளையாகி, நான் விளக்கைப் போட்ட பிறகுதான் தலைகள் அசைந்தன.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். மறுநாள் தியேட்டருக்குப் பக்கத்து டீக்கடையில் பேப்பரைச் சுற்றி நின்றவர்கள் பேசியது விபத்தைப் பற்றி மட்டும் அல்ல. "சேது படத்துல காட்டுனான்ல, அதே மாதிரி கட்டிப்போட்டிருந்திருக்காங்க" என்றார் ஒருவர். அவர் எப்போதும் இரண்டாம் ஆட்டத்துக்கு வந்து தூங்குகிற ஆள். படத்தைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனை மாதம் அந்தக் காட்சியை அவர் உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து, ஹாலில் தெரிவதை வைத்து மட்டும் ஒரு படத்தின் பாதிப்பை நான் கணக்குப் போடுவதில்லை.

சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோகமான காட்சியில் முன் வரிசை சிரிக்கிறது, ரசனை கெட்ட கூட்டம் என்று படித்தவர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை. 2018 செப்டம்பர் 28-ல் 'பரியேறும் பெருமாள்' வந்தது. கதாநாயகன் பரியனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடுகிற கலைஞர். அவரைக் கல்லூரிக்கு வரவைக்கிறார்கள். அங்கே பையன்கள் சாதி வெறியில் வேட்டியை உருவிவிட்டு அவரை ஓட ஓட விரட்டுகிறார்கள். அந்தக் காட்சி தொடங்கியதும் எங்கள் ஹாலில் சில விடலைப் பையன்கள் சிரித்தார்கள். அவர் ஓடிக்கொண்டே இருந்தார். சிரிப்பு ஒவ்வொன்றாக அறுந்து நின்றது. கடைசியாகச் சிரித்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஒன்று மனதுக்குள் வந்து விழும்போது முதலில் வெளியே வருவது சிரிப்பாக இருக்கலாம். அந்தப் பையனைக் கல்நெஞ்சன் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் தியேட்டருக்கு மேட்னிக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் உண்டு. இந்தச் சிரிப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் அழுகைக்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறது என்றார். இளிவு, இழவு, அசைவு, வறுமை. சாவுக்கு அழுவது இழவு. முதலில் சொல்லப்பட்டிருப்பது இளிவு, அதாவது பிறர் இகழும்படி ஆகிப்போவது. "இழவுக்கு எல்லாரும் கூடி அழுவாங்க தம்பி, இளிவுக்கு ஒளிச்சுத்தான் அழுவாங்க" என்றார். வாசலில் நின்று பார்த்தவன் என்ற முறையில் அது உண்மை என்று எனக்குத் தெரியும். 'பரியேறும் பெருமாள்' தொடக்கத்தில் கறுப்பி என்ற நாய் தண்டவாளத்தில் சாகிறபோது பெண்களும் பிள்ளைகளும் வெளிப்படையாகவே விசும்பினார்கள். அப்பா ஓடுகிற காட்சிக்கு ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்கள். சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பையன் முதல் நாள் தனியாக வந்து பார்த்துவிட்டு, மறுநாள் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். படம் விட்டதும் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காட்சி எத்தனை பேருக்கு வெறும் கதை இல்லை என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

அச்சத்துக்கும் வாத்தியார் நான்கு சொன்னார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றால் பேய், தெய்வம் மாதிரி. இறை என்றால் அரசன், அதிகாரத்தில் இருப்பவர். அதைக் கேட்டபோது எனக்கு 2016 பிப்ரவரியில் வந்த 'விசாரணை' நினைவுக்கு வந்தது. பேய்ப் படத்துக்குப் பயப்படுகிறவர்கள் கத்துவார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவார்கள், சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். 'விசாரணை'க்கு வந்த பயத்தில் யாரும் கத்தவில்லை. கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார் தான் பட்டதை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அந்தப் படத்துக்கு மூலம். ஆந்திராவுக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பையன்களைப் போலீஸார் பிடித்து, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து வெளிமாநிலத்துக்கு முறுக்குக் கடை, பலசரக்குக் கடை வேலைக்குப் போய்வந்த பையன்கள் ஹாலில் நிறையப் பேர் இருந்தார்கள்.

அந்தப் படத்தில் பாட்டு கிடையாது. தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், இது பெரிய விஷயம். நம் ஜனங்களுக்குப் பாட்டு என்பது மூச்சு விட்டுக்கொள்ள ஒரு கதவு. வெளியே போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தால் பாரம் கொஞ்சம் இறங்கும். இதில் அந்தக் கதவு இல்லை. அதனால் சிலர் நிஜக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். லத்திச் சத்தம் தாங்காமல் ஒரு அம்மா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து, படம் முடியும்வரை அங்கேயே இருந்தார். டிக்கெட் கிழிக்கும் பையன், "படம் பிடிக்கலையாக்கா?" என்று கேட்கப் போனான். வேண்டாம் என்று சைகை காட்டினேன். எழுந்து வருகிறவர்களைப் படத்தை வெறுத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அவர் வீட்டில் யாரை எந்த ஸ்டேஷனில் என்ன செய்தார்களோ, நமக்கு என்ன தெரியும்? இடைவேளையில் கேண்டீனில் ஒரு நிம்மதி தெரிந்தது. குண்டூரில் அகப்பட்டவர்கள் அதற்குள் விடுதலையாகியிருந்தார்கள். இரண்டாம் பாதி முடிந்து வெளியே வந்தபோது அந்த நிம்மதி ஒரு முகத்திலும் இல்லை. வழக்கமாக என்னிடம் நின்று பேசிவிட்டுப் போகும் ஒரு போலீஸ்காரரும் அன்று மஃப்டியில் வந்திருந்தார். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்' எங்களைப் போன்ற தியேட்டர்களுக்கு வரவில்லை. ஜனங்கள் வீட்டில் போனிலும் டிவியிலும் பார்த்தார்கள். லாக்கப் காட்சிகளில் நிறுத்திவிட்டு மறுநாள் மிச்சத்தைப் பார்த்தோம் என்று பலர் என்னிடம் சொன்னார்கள். அதில் தப்பே இல்லை, தாங்க முடிகிற அளவுக்குத்தான் பார்க்க முடியும். தியேட்டரில் நிறுத்துகிற பொத்தான் பார்ப்பவர் கையில் இல்லை. ஆனால் பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் அதே நேரத்தில் அதே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தனியாக இல்லை என்கிற அந்தத் தைரியத்துக்கு மதிப்பு உண்டு என்று நான் நம்புகிறேன். தியேட்டர் தொழில் செய்கிறவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் கவுன்ட்டரில், "அண்ணாச்சி, சின்னது பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். 2023-ல் சட்டத்தைத் திருத்தி யுஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்த பிறகு பதில் சொல்வது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்கிறவர்கள் குறைவு. அதனால் என்ன காட்சி இருக்கிறது என்று நானே சொல்லிவிடுவேன். நாலு டிக்கெட் போனாலும் பரவாயில்லை.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். க்யூப் என்கிற டிஜிட்டல் முறை வந்த பிறகு ரீலும் இல்லை, கார்பனும் இல்லை. பொத்தானைத் தட்டினால் படம் ஓடும். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பளிச்சென்று எல்லா விளக்கையும் போட்டு, படத்தை அணைத்து, கதவைத் திறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த காட்சிக்கு ஹாலைக் கூட்ட வேண்டும், நியாயம்தான். ஆனால் 'பரியேறும் பெருமாள்' எப்படி முடிகிறது? இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. அந்த இடத்தில் பளிச்சென்று விளக்கைப் போடுவது பார்த்துக்கொண்டிருப்பவரின் கையைத் தட்டிவிடுவதற்குச் சமம். அழுத முகத்தோடு வெளிச்சத்தில் நிற்க யாருக்கும் பிடிக்காது. முதலாளியிடம் பேசினேன். இப்படிப்பட்ட படங்களுக்குப் பெயர்கள் முடியும்வரை ஓர விளக்கு மட்டும்தான் என்று ஒத்துக்கொண்டார். கூட்டுகிற அம்மாக்களும் கதவுக்கு வெளியே விளக்குமாறோடு காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆளுக எந்திரிக்கல, கொஞ்சம் பொறுங்க" என்று எனக்கே சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

2024 ஆகஸ்ட் 23, ஒரே வெள்ளிக்கிழமையில் 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் வந்தன. 'வாழை'க்கு ஜனங்கள் வாய்விட்டு அழுதார்கள். வாழைத்தார் சுமக்கப் போனவர்களின் லாரி கவிழ்கிற படம். பசியோடு வீட்டுக்கு வந்த சின்னப் பையன் இழவு வீட்டில் சோற்றுக்குத் தவிக்கிறபோது எங்கள் ஹாலில் அழாத பெண்கள் இல்லை. அழுது முடித்தவர்கள் வெளியே வந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள், என்னிடமும் பேசினார்கள். 'கொட்டுக்காளி'யைப் பகல் காட்சி மட்டும் போட்டோம். அதில் பின்னணி இசையே கிடையாது. பேய் பிடித்தது என்று சொல்லி ஒரு பெண்ணைச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். அந்தச் சாமியார் இன்னொரு பெண்ணை என்ன செய்கிறான் என்பதை, கட்டிக்கொள்ளப் போகிறவன் பார்த்துவிடுகிறான். அவன் என்ன முடிவெடுத்தான் என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. "என்ன அண்ணாச்சி, அவ்வளவுதானா? மிச்சம் எங்க?" என்று கோபத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அழுவதற்கும் இடம் தரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை, அதனால் வந்த கோபம் அது. எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. படம் அவர்களை விடவில்லை என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

சில நாளில் படத்தை எடுத்துவிட்டோம். கோபப்பட்டவர்களில் ஒருவர் அடுத்த வாரம் மனைவியோடு வந்து, அந்தப் படம் ஓடுகிறதா என்று கேட்டார். வேறு சிலரும் கேட்டார்கள். போஸ்டரை அதற்குள் மாற்றியாகிவிட்டது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். மனதை உலுக்குகிற படம் பார்த்தவருக்கு அது உள்ளே இறங்க நாளாகும். அவர் பேசத் தொடங்குவது நாலு நாள் கழித்து, இன்னொருவரைக் கூட்டி வருவது அதற்கும் பிறகு. இன்றைக்கு ஒரு படத்தின் தலையெழுத்தை வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். 'சேது' இந்த நாளில் வந்திருந்தால் எங்கள் ஊருக்குப் பெட்டியே வந்திருக்காது.

அதனால் இப்படி ஒரு படம் வந்தால் இரண்டாவது வாரம் பகல் காட்சியாவது வைத்திருப்போம் என்று முதலாளியிடம் கேட்கிறேன். அவர் கரண்டு பில்லை எடுத்துக் காட்டுவார். ஏசியை இடைவேளை வரைக்கும் போட்டால் போதும், பால்கனியைத் திறக்க வேண்டாம், ஒரு ஆளை வைத்து நடத்திக்கொள்கிறேன் என்று நானும் கணக்குச் சொல்வேன். சில படங்களுக்கு விட்டிருக்கிறார்.